பலகைக்கு வராதவர்கள்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மில்லி என்று வைத்தது சின்ன மாமா, அதாவது அவன் அம்மாவின் கடைசித் தம்பி. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சாய்ந்து கிடந்தபோது, "உனக்கு அங்க என்னதான்டா வேலை?" என்று அவர் கேட்டார்.

"மில்லி செகண்ட் அளக்கிறது மாமா" என்றான். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு என்று விளக்கமும் சொன்னான்.

"அட, நானும் அதே வேலைதான்டா பார்க்கிறேன். தினம் சாயங்காலம் நூத்தி எண்பது மில்லி" என்றார் சின்ன மாமா. கூடம் அதிரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது, பெயர் நின்றுவிட்டது.

அளக்கிற புத்தி இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. அப்பா வழியில், தாத்தாவின் முதல் தாரத்து மகன் ஒருவர், இவனுக்குப் பெரியப்பா முறை, கடிகாரம் பழுது பார்த்தாராம். அந்தக் கை இவனுக்கு வந்திருக்கிறது என்பார்கள். வீண் பேச்சு. பழுதுக்கு வாங்கிய கடிகாரம் எதையும் அந்தப் பெரியப்பா திருப்பிக் கொடுத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இவனுக்கு வந்தது வேறு வழி. எட்டு வயதில் தாய் போய்விட்டாள். தகப்பன் இருந்தும் இல்லாத கணக்கு. அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதர், "தம்பியும் நம்மகூடவே வரட்டும், எங்க விட்டுட்டுப் போறது" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அந்த வீட்டில் சோறு போடும்போது தன் தட்டில் எத்தனை கரண்டி விழுகிறது, அக்கா பிள்ளைகளின் தட்டில் எத்தனை விழுகிறது என்று எண்ணிக்கொண்டே வளர்ந்தான். ஒரு நாளும் ஒரு கரண்டி குறைந்ததில்லை. குறையவில்லை என்பதற்காக அவன் எண்ணுவதை விட்டுவிடவும் இல்லை.

அக்காவின் கணவரை எல்லாரும் ஃபேன் மாமா என்பார்கள். வேலை அப்படி. மலையடி ஊரில் ஒரு கம்பெனியின் கிடங்கு இருந்தது. மூட்டை அடுக்குகிற கிடங்கு இல்லை. ஆள் உயர இரும்பு அலமாரிகள் இரண்டு வரிசை, அவற்றில் அடைத்து வைத்த மிஷின்கள், மிஷினுக்கு மூன்று குட்டி ஃபேன். அவர் காதைத் திருப்பிக்கொண்டு நடுவில் நடந்தாலே போதும், எந்த ஃபேன் சாகப்போகிறது என்று சொல்லிவிடுவார். காவலும் அவர்தான், கரண்டு வேலையும் அவர்தான், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும் அவர்தான். கிடங்கின் முதுகில் ஒட்டியபடி இரண்டு அறை வீடு. வேலை உள்ளவரை வீடு, வீடு உள்ளவரை குடும்பம்.

அந்த மிஷின்களுக்குள் என்ன இருந்தது என்றால், நகல். ஊரில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போட போனைத் திறக்கிறாள், ஒருவன் பரீட்சை முடிவு பார்க்கிறான், ஒருவன் சினிமா பார்க்கிறான். எல்லாவற்றுக்கும் அசல் எங்கேயோ ஆயிரம் மைலுக்கு அப்பால். ஒவ்வொரு தடவையும் அங்கே போய்வந்தால் விடிந்துவிடும். அதனால் ஊர் ஊராக நகல் வைத்து, கேட்கிறவனுக்குப் பக்கத்துக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் கம்பெனியின் பிழைப்பு. எந்த ஆளை எந்தக் கிடங்குக்கு அனுப்புவது என்பதற்குத் தலைமை ஆபீசில் ஒரு பிரிவு. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று துப்புக் கொடுத்தது ஃபேன் மாமாதான்.

மனுவில் ஒரு கேள்வி இருந்தது. கம்பெனியில் உறவினர் யாரேனும் வேலை பார்க்கிறார்களா? அளக்கிற பிரிவில் இருப்பவனுக்குக் கிடங்கில் சொந்தம் இருக்கக் கூடாது என்பது சட்டம். இவன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இல்லைன்னு போடு மாப்ளே" என்றார் ஃபேன் மாமா.

"பொய்யாயிடுமே மாமா."

"ஒரு தாள்ல இல்லைன்னு எழுதினா உறவு அத்துப்போயிடுமா? போடு, போடு. இவன் ஒருத்தன், அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன்."

அக்கா உள்ளிருந்து சிரித்தது கேட்டது. இவன் இல்லை என்று போட்டான். வேலை கிடைத்தது.

வேலையில் கெட்டிக்காரன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் முழுசாகத் திறந்ததும் அதன் நுனியிலிருந்து ஒரு சின்னத் தகவல் ஆபீசுக்குத் திரும்பி வரும்: எங்கே திறந்தார்கள், எந்தக் கிடங்கு கொடுத்தது, எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று. அதை அவர்கள் வால் என்பார்கள். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான வால். மில்லி அவற்றையெல்லாம் ஊர் வாரியாகக் கூட்டிச் சுவரில் ஒரு பெரிய திரையில் விட்டான். அதற்குப் பலகை என்று பெயர். ஓர் ஊருக்கு எந்தக் கிடங்கு வேகமாகக் கொடுக்கிறதோ, அந்த ஊர் ஆட்கள் தானாக அங்கே திரும்புவார்கள். வேகம் என்றால் பச்சை, தாமதம் என்றால் சிவப்பு. மனுஷக் கையே வேண்டாம்.

ஆரம்பத்தில் ஒரு கேள்வி வந்தது. பாதியில் சலித்து மூடிவிட்டுப் போகிறவர்களின் பக்கம் முடிவதில்லை, முடியாத பக்கத்துக்கு வால் கிடையாது. வராத வாலை என்ன செய்வது?

"விட்டுடலாம்" என்றான் மில்லி. "முடிஞ்சதை மட்டும் எடுத்துக்குவோம். பாதியில போனவன் ஏன் போனான்னு யாருக்குத் தெரியும்? அவங்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க."

எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். ஒரே ஒரு வரி. அதை எழுதிவிட்டுக் கை கழுவப் போனான். ஆறு வருஷம் அந்த வரியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிவுக்கு மேலே ஒரு அம்மாள். கத்தரிக்கோல் என்பது அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர். எதிராளி பேசும்போது வாக்கியம் முடியும்வரை அவள் காத்திருந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் மில்லியைக் கூப்பிட்டு, "மலையடி, துறைமுகம், இந்த ரெண்டு கிடங்குல ஒண்ணை மூடணும்னு மேல சொல்லிட்டாங்க" என்றாள்.

"எதைன்னு—"

"உங்க பலகை சொல்லட்டும். ரெண்டு நாள் மலையடி ஜனங்களை மொத்தமா துறைமுகத்துக்குத் திருப்புங்க. அளந்து காட்டுங்க. அந்தக் கண்ணாடிக் கதவு ரூம் காலியாத்தான் கிடக்கு, பார்த்தீங்கல்ல?"

பார்த்திருந்தான். ஆறு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிரிவுத் தலைவரின் அறை.

இரண்டு நாள் திருப்பினார்கள். பலகை சொன்னது ஆபீசையே வாயைப் பிளக்க வைத்தது. மலையடிக் கிடங்கு தன் ஊர் ஜனங்களுக்குக் கொடுக்க ஆயிரத்து இருநூறு மில்லி எடுத்துக்கொண்டிருந்தது. நூறு மைல் தள்ளி இருந்த துறைமுகம் அதே ஜனங்களுக்கு எழுநூறில் கொடுத்துவிட்டது. மலையடி என்ற பெயருக்கு நேரே ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கரும்பச்சை விழுந்தது.

மூன்றாம் நாள் ஃபேன் மாமா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் ஒரு நோட்டு. உறவு தெரியக் கூடாதே என்று அவரே வரவேற்பில் கிடங்கின் பெயரைத்தான் சொல்லியிருந்தார். மில்லி அவரை அங்கே நாற்பது நிமிஷம் உட்கார வைத்துவிட்டு, பின்பக்கம், ஏசி தண்ணீர் சொட்டுகிற சுவர் ஓரத்து பெஞ்சுக்கு வரச் சொன்னான்.

"என்ன மாமா இது, போன்ல பேசியிருக்கலாமே."

"போன்ல காட்ட முடியுமாடா இதை?" நோட்டைப் பிரித்தார். இரண்டு படிக்கட்டு ஏறியதற்கே மூச்சு இரைத்தது. ஜெனரேட்டர் புகையைப் பதினாலு வருஷம் குடித்த நெஞ்சு. "இது என் மிஷின் எழுதி வைச்சது. கேட்டவங்க இவ்வளவு, முழுசா வாங்கிட்டுப் போனவங்க இவ்வளவு. பாரு. ஆயிரம் பேர் கேட்டா தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேருக்காவது கொடுத்திருக்கு. பழைய போனு, மேட்டுத் தெரு, இழுத்து இழுத்துத்தான் போகும், ஆனா போய்ச் சேரும். ஒருத்தனையும் நான் வாசல்லேருந்து திருப்பி அனுப்பினதில்ல மாப்ளே."

"அது சரி மாமா. வேகம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இரு, அவசரப்படாதே. நீங்க திருப்பி விட்ட ரெண்டு நாளும் நான் சும்மா உக்காரல. பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வாசல், மார்க்கெட், எல்லா இடத்துலயும் நின்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். போன்ல பக்கம் திறந்துச்சான்னு. உங்க அக்கா பாதித் தெரு, நான் பாதித் தெரு. மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு பேர். திறந்துச்சுன்னு சொன்னது அறுபத்தி ஒண்ணு. மத்தவங்களுக்குச் சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சாம், விட்டுட்டாங்களாம். துறைமுகத்து மிஷின் கூட்டம் வந்தா தூரத்துக்காரனை உதறுது மாப்ளே. அந்த நூத்தி ஐம்பத்தோரு பேர் உன் பலகைல எங்க இருக்காங்க, அதை மட்டும் எனக்குச் சொல்லு."

மில்லி எழுந்து மேலே போனான். தன் மேஜையில் உட்கார்ந்து, மலையடியிலிருந்து வந்த வால்களை முதல் தடவையாக எண்ணினான். எத்தனை மில்லி என்று அல்ல, எத்தனை வால் என்று. சாதாரண நாளில் ஒன்பதாயிரம். அந்த இரண்டு நாளிலும் நாளுக்கு இரண்டாயிரத்து அறுநூறு. மீதிப்பேர் பாதியில் போய்விட்டவர்கள். மேட்டுத் தெருவும் பழைய போனும் மெதுவானவர்களும் மொத்தமாக உதிர்ந்துவிட்டார்கள். டவருக்கு அடியில் புதுப் போன் வைத்திருந்த நாலு பேர் மட்டும் மிஞ்சி, ஊரின் வேகத்தை எழுநூறு என்று சொல்லியிருக்கிறார்கள். நொண்டிகளை எல்லாம் வாசலில் தள்ளிவிட்டு, உள்ளே நிற்பவர்களின் ஓட்டத்தை அளந்த மாதிரி. முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு. அவன் எழுதிய வரி. ஒரே வரியில் திருத்திவிடலாம். திருத்தினால் ஆறு வருஷப் பலகை முழுக்கப் பொய் என்று ஆகும், பொய்யன் யார் என்றும் ஆகும். மறுநாள் காலை கூட்டம். கண்ணாடிக் கதவு அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

கீழே வந்தான். "பார்க்கிறேன் மாமா. நாளைக்குக் கூட்டத்துல உங்களுக்கு அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

"நான் சொல்றேன். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எனக்கு நாக்குப் புரளாது, உனக்குத் தெரியும்." கிளம்புகிறவர் திரும்பி, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

மறுநாள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். ஃபேன் மாமாவை மேஜையின் கோடியில் உட்கார வைத்தார்கள். நோட்டைப் பிரித்து, "அம்மா, நான் ரெண்டு நாள் இருநூத்திப் பன்னிரண்டு பேரை—" என்று ஆரம்பித்தார்.

"யாரை?" என்றாள் கத்தரிக்கோல்.

"ஊர்க்காரங்களைம்மா. பஸ் நிலையத்துல—"

"ரோட்டுல போறவங்களை நிறுத்திக் கேட்டீங்க."

"ஆமாம்மா. ஆஸ்பத்திரி வாசல்லயும்—"

"இவங்க லட்சக்கணக்குல அளக்கறாங்க, நீங்க இருநூறு பேரை நிறுத்தி விசாரிச்சிருக்கீங்க. அடுத்த தடவை கல்யாண மண்டபத்துலயும் கேட்டுப் பாருங்க, கூட்டம் நிறைய இருக்கும்."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. ஃபேன் மாமாவும் மரியாதைக்குச் சிரித்தார். சிரித்தது இருமலாக மாறி, அது அடங்கச் சற்று நேரம் பிடித்தது. யாரோ தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் உருட்டிவிட்டார்கள். அவள் மில்லியின் பக்கம் திரும்பினாள்.

"இவர் சொல்றதுல ஏதாவது இருக்கா?"

"பலகை சொல்றதுதான் மேடம்" என்றான் மில்லி.

"நேத்து நீங்க ரெண்டு பேரும் பின்பக்கம் பெஞ்சுல உக்காந்திருந்ததா செக்யூரிட்டி சொன்னாரே. தெரிஞ்சவரா? சொந்தமா?"

"இல்ல மேடம். வழி கேட்டார்."

ஃபேன் மாமா நோட்டை மூடினார். அவனைப் பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடுமே என்று அந்த நிமிஷத்திலும் கண்ணை மேஜையில் வைத்துக்கொண்டார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எத்தனை நேரம் ஆயிற்று என்பதைப் பிற்பாடு மில்லி எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து அளந்தான். முக்கால் நொடி. எழுநூற்று ஐம்பது மில்லி. தயங்கியிருந்தால் ஒரு நொடியாவது ஆகியிருக்கும்.

அடுத்த மாதம் லாரி வந்தது. மிஷின்களை இரும்பு அலமாரியோடு பெயர்த்து ஏற்றினார்கள். வீட்டைக் காலி செய்யப் பதினைந்து நாள் கொடுத்தார்கள். அக்கா குடும்பம் டயர்க் கடைக்கு மேலே ஓர் ஒற்றை அறைக்குப் போயிற்று. பெரியவன் ஏற்கெனவே வெளியூரில் இருந்தான். சின்னவள் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் நிற்கப் போனாள். ஃபேன் மாமா வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார், அதுவும் நெஞ்சு இடம் கொடுத்த நாளில். மில்லி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். கதவை மூடினால் வெளியே பேசுவது கேட்காது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னான்.

"உள்ள நீங்க பேசறதும் வெளிய கேக்காதுல்ல?" என்று அவள் கேட்டாள். அவள் கெட்டிக்காரி.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரைப் பார்க்க டோக்கன் வேண்டும். டோக்கன் போனில்தான். காலை எட்டு மணிக்குப் பக்கம் திறக்கும், எட்டு பத்துக்கெல்லாம் தீர்ந்துவிடும். மலையடிக் கிடங்கு இருந்தவரை அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே டோக்கன் போட்டவள். இப்போது போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சக்கரம் சுற்றும். சுற்றி முடிந்தால், இன்றைய டோக்கன் முடிந்தது என்று வரும். பல நாள் அதுகூட வராது.

பதினோரு நாள் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், நீ இருக்கிற இடத்துல சட்டுனு திறக்கும்ல. உங்க மாமாவுக்கு ஒரு டோக்கன் போட்டுக் கொடேன்டா. ராத்திரியெல்லாம் உக்காந்தே தூங்கறாரு."

அவன் எதிரில் பலகை இருந்தது. "அக்கா, உங்க ஊருக்கு எழுநூறு மில்லிதான் ஆகுது. ஒரு நொடிகூட இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"இங்க சக்கரம் சுத்துதுடா."

"உன் போன்ல கோளாறா இருக்கும்."

"அடுத்த வீட்டுப் போன்லயும் சுத்துதே."

"அதுலயும் கோளாறா இருக்கும் அக்கா. பலகை பொய் சொல்லாது."

"அப்ப என் கண்ணுலதான் கோளாறு போல" என்றாள். "ஒரே ஒரு டோக்கன்டா. உனக்கு என்ன, ரெண்டு நிமிஷ வேலை."

"நானே போட்டுக் கொடுத்தா அப்புறம் நீ உன் போனைச் சரிபண்ணவே மாட்டே" என்று சொல்லிவிட்டு, கூட்டம் இருக்கிறது என்று வைத்தான். கூட்டம் இருக்கவில்லை. போட்டுக் கொடுத்திருந்தால் அங்கே திறக்கவில்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகும். அதற்குத்தான் அவனுக்குத் துணிவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் பெயர் போனில் வந்தால் எடுக்கவில்லை. அடிப்பதை எண்ணினான். முதலில் பன்னிரண்டு தடவை அடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஏழு. பிறகு மூன்று. ஒரு மாதத்தில் நின்றுபோயிற்று.

"உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்று மனைவி கேட்டபோது, "நல்லாத்தான் இருப்பாங்க. போனே வரலையே" என்றான்.

ஆபீசிலும் அப்படித்தான். மலையடி ஊரிலிருந்து ஒரு புகார் வரவில்லை. முன்பாவது மாதத்துக்கு இருபது முப்பது வரும், மெதுவாக இருக்கிறது, இழுக்கிறது என்று. இப்போது சுத்தமாகப் பூஜ்யம். மில்லிக்கு மட்டும் காரணம் தெரியும். புகார் எழுதுகிற பக்கமும் துறைமுகத்துக் கிடங்கிலிருந்துதான் போக வேண்டும். அதுவும் அங்கே திறக்கவில்லை.

கத்தரிக்கோலுக்குப் பூஜ்யத்தைப் பார்த்து ஆனந்தம். "ஒரு புகார்கூட இல்லாத ஊர். வாடிக்கையாளர் கூட்டத்துல இதைத்தான் காட்டப்போறேன். நீங்களே நேர்ல போய் பத்து வீடு கேட்டு எழுதிட்டு வாங்க."

"வேற யாரையாவது—"

"நீங்கதான். அப்புறம் அந்தப் பழைய கிடங்குக்காரர், அன்னைக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து குதிச்சாரே, அவர்கிட்டயும் கேளுங்க. இப்ப என்ன சொல்றார்னு பார்ப்போம். விலாசம் ஆபீஸ்ல இருக்கு." சிரித்துக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினாள். தன் அக்கா எங்கே குடியிருக்கிறாள் என்பது மில்லிக்கு அந்தச் சீட்டில்தான் தெரிந்தது.

போனான். முதல் நாள் ஒன்பது வீடு. கையில் ஒரு தட்டைத் திரை, அதில் படிவம். பக்கம் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்பது முதல் கேள்வி. "நாங்க விட்டுட்டோம் சார், இப்பல்லாம் பார்க்கிறதே இல்ல" என்று ஆறு வீட்டில் சொன்னார்கள். விட்டுவிட்டவர்களுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஒரு கட்டத்தையாவது தொடாவிட்டால் படிவம் நகராது. பரவாயில்லை என்ற கட்டத்தைத் தொட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் காலை எட்டு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது டயர்க் கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறினான். ரப்பர் வாடை மேலே வரைக்கும் வந்தது. ஒரே கதவு, திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டி அறையை இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கட்டில். கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி ஃபேன் மாமா. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது.

மில்லி வாசலில் நின்றான். மாமா என்று கூப்பிட வாயெடுத்தான்.

"வாங்க சார்" என்றார் அவர்.

முப்பது வருஷமாக மாப்ளே என்றும் வாடா போடா என்றும் கூப்பிட்ட வாய். அவசரமாக எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கட்டிலின் ஓரத்தைத் தட்டிக் காட்டி, பிறகு அது சரியில்லை என்று நினைத்தவர் போல மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். "அதுல உக்காருங்க சார். கட்டில் அழுக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து, "யாருங்க வந்திருக்கிறது?" என்று அக்காவின் குரல்.

"கம்பெனிலேருந்து வந்திருக்காங்க. ஏதோ அளக்கணுமாம்."

அந்தப் பக்கம் ஒரு அசைவு கேட்டு நின்றது. போர்வைக்குக் கீழே அக்காவின் பாதங்கள் தெரிந்தன, ஜன்னலைப் பார்த்துத் திரும்பியபடி. அவை நகரவில்லை.

மில்லி கையிலிருந்த தட்டைத் திரையைத் தட்டினான். "பக்கம்... பக்கம் திறக்க எவ்வளவு நேரம் ஆகுது?"

"சட்டுனு திறக்குது சார்."

"சுத்திக்கிட்டே இருக்குங்க" என்றது திரைக்குப் பின்னால் குரல், யாரிடம் என்று இல்லாமல். "எட்டு அடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"நல்லாத் திறக்குது சார். அப்படியே எழுதிக்குங்க" என்றார் ஃபேன் மாமா. இருமல் வந்தது. கையை மடக்கி வாயில் வைத்து அதை உள்ளேயே அமுக்கினார்.

மில்லி ஒரு கட்டத்தைத் தொட்டான். "புகார் ஏதாவது?"

"எங்களுக்கென்ன சார் புகார். ஒண்ணும் இல்ல."

"இன்னும் சுத்துதுங்க. நாலு நிமிஷம்."

"நான் போட்டுத் தர்றேன்" என்று மில்லி சட்டென்று சொன்னான். "என் போன்ல ஆபீஸ் லைன் இருக்கு. இப்பவே போட்டுடலாம். ஒரு டோக்கன்தானே..."

"அதெல்லாம் வேண்டாம் சார்" என்றார் ஃபேன் மாமா, தன்மையாகத்தான். "நீங்க போட்டா அளவு கெட்டுப்போயிடும். எங்க போன்லதான் ஏதோ கோளாறு."

அக்கா அந்த வார்த்தையை அப்படியே அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

கடைசிக் கேள்வி திரையில் வந்து நின்றது. அதை மில்லி வாய்விட்டுப் படிக்கவில்லை. விரல் மட்டும் அதன் மேல் நின்றது. ஃபேன் மாமா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, தானே எழுத்துக் கூட்டிப் படித்தார்: இந்தக் கம்பெனியில் உங்களுக்கு உறவினர் யாரேனும் வேலை பார்க்கிறார்களா?

"இல்லைன்னு போடுங்க சார்."

முக்கால் நொடிகூட ஆகவில்லை.

"மாமா..."

"போடுங்க. ஒரு தாள்ல இல்லைன்னு போடுறதால என்ன ஆயிடப்போகுது."

திரைக்குப் பின்னால் இருந்த பாதங்கள் அப்போதும் திரும்பவில்லை. "முடிஞ்சுபோச்சுங்க" என்றாள் அக்கா. "இன்னைக்கு டோக்கன் முடிஞ்சுபோச்சு."

மில்லி தொட்டான். படிவம் மூடிக்கொண்டு நன்றி என்றது. ஃபேன் மாமா இரண்டு கையும் கூப்பி, "போயிட்டு வாங்க சார். படியில பார்த்து, மூணாவது படி ஆடும்" என்றார்.

மூன்றாவது படி ஆடத்தான் ஆடியது.

ஊருக்கு வந்த பிறகு மனைவி கேட்டதற்கு, "அக்கா வீட்டுல இல்ல" என்றான். ஆபீசில் அவன் போய்ச் சேரும் முன்பே பலகையில் ஏறியிருந்தது. படிவம் முழுசாக முடிந்திருந்தது அல்லவா, அதனால் எண்ணிக்கையில் வந்துவிட்டது. மலையடி: பத்து வீடு, பத்தும் பச்சை. கத்தரிக்கோல் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

ஃபேன் மாமா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. உறவில் யார் யாருக்குச் சொல்லிவிடுவது என்று சின்ன மாமா உட்கார்ந்து பெயர் எழுதியபோது, மில்லியின் பெயரை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டாராம். அவள், "யாரு?" என்று கேட்டாளாம்.